எழுநூற்று முப்பதில் நின்ற மணிச்சரம்

கும்பகோணம்
9.2.2025

அன்புள்ள குந்தவைக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். டெல்ஃப்டில் நீ சுகமாக இருப்பதாகப் போனில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், ஆனால் தொண்டை கட்டியதற்கு நெதர்லாந்துக் குளிர்தான் காரணம் என்றாயே, அதை மட்டும் நம்பவில்லை. போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய் என்பதோடு என் பேச்சு முடிந்துவிடுகிறது. இருபத்துமூன்று வருஷமாக வகுப்பில் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுகிறவளுக்கு உன்னிடம் நாலு வாக்கியம் வரமாட்டேன் என்கிறது. அதனால் காப்பிப் பொடியும் கருவடாமும் அனுப்பும் பார்சலுக்குள் இதையும் வைக்கிறேன்.

நம் வயலுக்கு அறுவடை மெஷின் வெள்ளிக்கிழமைதான் வந்தது. மழையில் கீழ வயல் முழுக்கக் கதிர் சாய்ந்துவிட்டது, நெல்லில் ஈரம் கூடுதலாக இருக்கிறது என்று அப்பா ரோட்டோரம் கொட்டிக் காயவைத்துக்கொண்டு குடையோடு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். மதியச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் "நெல்லு காயுதோ இல்லியோ நான் காஞ்சிட்டேன்" என்கிறார். உளுந்து நன்றாக முளைத்திருக்கிறது. முழங்கால் வலிக்கு டாக்டரிடம் போகச் சொன்னால் கேட்பதில்லை, நீ ஒரு வார்த்தை சொல், நீ சொன்னால் கேட்பார். வீட்டில் பகலெல்லாம் சத்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உனக்கும் சேர்த்து டிகாக்ஷன் போட்டுவிடுகிறேன், பிறகு நானே இரண்டாவது தரம் குடிக்கிறேன்.

போன ஞாயிறு நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அங்கே உன் வேலையில் எல்லாரும் சீக்கிரம் முடித்துவிடுகிறார்கள், நீ மட்டும் பின்தங்குகிறாய் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் திடீரென்று "நான் ஸ்லோன்னுதானேம்மா என்னை அந்த மாண்டிசோரி ஸ்கூல்லேருந்து எடுத்தே?" என்று கேட்டாய். நான் "அதெல்லாம் இல்ல, வேன் வசதி இல்லாமப் போச்சு" என்றேன். பதினேழு வருஷத்துக்கு முன் சொன்ன அதே பொய். நீ சரிம்மா என்று வைத்துவிட்டாய். நீ அவ்வளவு சீக்கிரம் சரி என்றதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த வாரமே நஜ்மா அக்கா நம் வீட்டுக்கு வந்தது தற்செயல்தான். உங்கள் வகுப்பை அப்போது பார்த்துக்கொண்டவள், அதிராம்பட்டினத்துக்காரி, நீ அவள் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டே திரிவாய். பள்ளிக்கு இருபத்தைந்து வருஷம் ஆகிறதாம், பழைய பிள்ளைகளும் பெற்றோரும் தங்கள் அனுபவத்தை எழுதித் தந்தால் வெள்ளிவிழா மலர் போடப்போகிறார்களாம். நான் சொன்னேன், "பாதியில பிள்ளைய எடுத்துட்டுப் போனவ நான், நான் என்னத்த எழுதறது?" அவள் சிரிக்காமல் "அதையே எழுதுங்க மேடம், நல்லா இருந்துச்சுன்னு நாப்பது பேர் எழுதிட்டாங்க" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

அந்தப் பள்ளி சொர்க்கம் என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். பெற்றோர் கூட்டத்தில் அவர்கள் பேசிய பேச்சில் பாதி எனக்கு ஒத்துவரவில்லை. பரீட்சை இல்லை, ராங்க் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, பிள்ளைகள் ஆளுக்கொரு பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வருஷத்துக்கு ஒருநாள் நம்மையும் மூலையில் ஒரு குட்டி நாற்காலியில் உட்காரவைத்து, வாயைத் திறக்காமல் பார்க்கச் சொல்வார்கள். ஒரு வருஷம் நீ ஒரு கூஜாவிலிருந்து இன்னொரு கூஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாய், நாற்பது நிமிஷம். சிந்தினால் துடைப்பாய், மறுபடி ஊற்றுவாய். நான் எழுந்து வந்து கூஜாவைச் சரியாகப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கப் போனேன். நஜ்மா நடுவில் வந்து "அது அவ வேலை மேடம், உக்காருங்க" என்றாள். கணக்கில் எம்.ஃபில். படித்தவளைப் பன்னிரண்டாவது படித்த பெண் உட்காரச் சொல்கிறாளே என்று எனக்குக் கோபம். அங்கே ஒரு வழக்கம் உண்டு, உனக்கு நினைவிருக்கும். வேலை முடியாமல் மணியடித்துவிட்டால் கலைக்கவேண்டியதில்லை. பாயின் மேல் தன் பெயர் எழுதிய அட்டையை வைத்துவிட்டுப் போகலாம். அட்டை இருக்கும்வரை அதை யாரும் தொடமாட்டார்கள், சுற்றிக்கொண்டுதான் நடப்பார்கள். நீ வீட்டிலும் பாதி கட்டிய தீப்பெட்டி வீட்டின் மேல் உன் பெயரை வைத்துவிட்டுத் தூங்கப்போவாய். நான் காலையில் பெருக்கும்போது எடுத்துப் போட்டுவிடுவேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உனக்கு ஏழு வயது. துரைராசு சித்தப்பா வீட்டுக் கல்யாணம், தை மாதம், மண்டபத்தில் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. உன் வயதுப் பெண் ஒருத்தி பதினாறாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள், எல்லாரும் கைதட்டினார்கள். சித்தப்பா உன்னைப் பிடித்து "எங்க, கணக்கு டீச்சர் மவ சொல்லு, ஏழு பதினாறு எவ்ளோ?" என்றார். நீ தாம்பூலப் பை போட வைத்திருந்த கொட்டைப்பாக்கைக் கூடையோடு இழுத்து, ஜமக்காளத்தில் வரிசை வரிசையாக அடுக்க ஆரம்பித்தாய். முதலில் யாருக்கும் புரியவில்லை, புரிந்ததும் சிரித்தார்கள். "பாய் உருட்டற ஸ்கூலுக்கு அனுப்புனா பாக்குதான் எண்ணும்" என்றார் சித்தப்பா, "பந்தி முடிஞ்சு மொய் எழுதறதுக்குள்ள விடை வந்துருமா பூர்ணிமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நானும் சிரித்தேன் குந்தவை. அதைத்தான் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, கை கழுவும் இடத்தில் நீ என் சேலையை இழுத்து "நூத்திப் பன்னெண்டும்மா" என்றாய். நான் "சரி சரி, கையக் கழுவு" என்றேன்.

அடுத்த வாரமே உன்னை அங்கிருந்து எடுத்துவிட்டேன், ஜூன் வரை கூடப் பொறுக்கவில்லை. அப்பா "வருஷக் கடைசி வரைக்கும் இருக்கட்டுமே" என்றார், நான்தான் பிடிவாதமாக இருந்தேன். உன்னிடம் நம் தெருவுக்கு இனி வேன் வராது என்றேன். மறுநாள் காலை புதுச் சீருடையோடு வாசலில் நின்றபோது அந்த மஞ்சள் வேன் நம்மைத் தாண்டிப் போனது. நீ என் முகத்தைப் பார்த்தாய். அந்த வாரம் முழுக்க அது போய்க்கொண்டுதான் இருந்தது.

நஜ்மா இன்னொன்றும் சொன்னாள். கல்யாணத்துக்கு லீவு எடுப்பதற்கு முன் நீ ஆயிரம் மணிச்சரத்தை எண்ணிக்கொண்டிருந்தாயாம். பத்துப் பத்தாகக் கோத்த தங்கநிற மணிகள், நீட்டினால் வராந்தாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போகும், பத்து பத்தாக எண்ணி ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டே போகவேண்டும். மூன்றாம் நாள் எழுநூற்று முப்பதில் உன் பெயர் அட்டையை வைத்துவிட்டுப் போனாயாம். "ஒரு வாரம் அப்படியே விட்டு வச்சோம் மேடம், பிள்ளைங்க சுவரோரமா ஒதுங்கி நடந்துச்சுங்க. அப்புறம் இன்னொரு பாப்பாக்கு வேணும்னு எடுத்து மாட்டிட்டோம்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள்.

நீ ஸ்லோ என்று நான் உன்னை எடுக்கவில்லை. நீ சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தாய். நாலு பேர் சிரித்ததை என்னால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான் காரணம். புதுப் பள்ளியில் நீ வேகமாகிவிட்டாய், ராங்க் எல்லாம் வாங்கினாய், நானும் சந்தோஷப்பட்டேன், அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் பிறகு எதையும் பாதியில் என்னிடம் காட்டியதில்லை. முடிந்த பிறகுதான் சொல்வாய். டெல்ஃப்டுக்கு விண்ணப்பித்ததே எனக்குத் தெரியாது, விசா வந்த அன்று சொன்னாய். இப்போது இன்னும் மூன்று வருஷம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்களாமே, அதுவும் அப்பா வாய்தவறிச் சொல்லித்தான் தெரியும். இரு என்றோ வா என்றோ நான் சொல்லப்போவதில்லை. முடிவெடுத்த பிறகு சொல்லாதே, இப்போதே சொல். குழப்பமாக இருந்தால் குழப்பமாகவே சொல், நான் நடுவில் வந்து கூஜாவைப் பிடிக்கமாட்டேன்.

போன ஆடியில் வந்தபோது வாசல் கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்து, லீவு முடிந்து பாதியில் விட்டுப் போனாயே, அது அப்படியே இருக்கிறது. இடது கதவு பச்சை, வலது கதவு துரு. பொங்கலுக்கு அப்பா பெயிண்டர் வீரையனைக் கூட்டிவந்துவிட்டார், நான்தான் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். வியாழக்கிழமை நஜ்மா போன பிறகு ஒரு அட்டையில் உன் பெயரை எழுதி வலது கதவில் கட்டினேன். அப்பா பார்த்துவிட்டு "ஏம்மா, கேட்டுக்கும் அட்டென்டன்ஸா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை ராத்திரித் தூறலில் எழுத்து கரைந்துவிட்டது. நேற்றுப் பார்க்கிறேன், பாலிதீன் உறைக்குள் போட்டுப் புதிதாக ஒன்று தொங்குகிறது, அப்பாவின் கையெழுத்து.

மலருக்கு நான் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன், ஒரு பக்கம்தான். பாக்கு எண்ணியதும் வேனும் அதில் இருக்கின்றன. உன் பெயரைப் போடலாமா என்று நீ சொன்ன பிறகுதான் நஜ்மாவிடம் கொடுப்பேன், மறக்காமல் சொல். வேண்டாம் என்றாலும் சரி. வெந்நீர் குடி, கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே. நீ எங்கே இருந்தாலும் உடம்பு சுகமும் மன அமைதியுமாக நல்லபடி இருக்கவேண்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம்.

பழைய டப்பாவில் பெயிண்ட் உறைந்துவிட்டது. அதே பச்சையில் புதிது வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன், திறக்கவில்லை.

உன் அம்மா,
ம. பூர்ணிமா