மலையில் பெய்த மழை

இன்று காலை குழாயைத் திறந்தேன். முதலில் இருமியது, பிறகு மண் வாசம், அதன் பின்னால் தே தாரேக் தேநீர் நிறத்தில் தண்ணீர். சுங்கை சிப்புட்டில் எத்தனையோ வாரமாகச் சொட்டு மழையில்லை. அப்படியென்றால் மலையில் பெய்திருக்கிறது. வாளியை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். போய்ச் சேர்ந்த புருஷனிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவேன்?

வாரம் முழுக்க லோரி ஓட்டுவீர்கள். ஞாயிறானால் எஸ்டேட் ஜெபவீட்டில் பிரசங்கம். எதை எடுத்தாலும் தண்ணீரில்தான் கொண்டுவந்து முடிப்பீர்கள். வனாந்தரத்தில் கன்மலையிலிருந்து ஓடிய தண்ணீர், கிணற்றடிக்குக் குடத்தோடு வந்த சமாரியப் பெண், ஆலய வாசற்படியில் கணுக்கால் அளவாய்த் தொடங்கி நீந்தும் ஆழமாகிற நதி. "வேதத்துல தண்ணின்னா ஆசீர்வாதம்லா," என்பீர்கள். நான் சும்மா இருப்பேனா? நோவா காலத்துத் தண்ணீர் எதில் சேர்த்தி என்று கேட்பேன். சட்டையை மாட்டிக்கொண்டே சிரிப்பீர்கள்.

அந்த வருஷமும் இப்படித்தான் வெயில் கொளுத்தியது. சபையே உபவாசம் இருந்து மழை கேட்டது. ஞானஸ்நானத்தன்று ஆறு முழங்காலுக்கு மேல் இல்லை. ஒவ்வொருவரையும் மண்டியிட வைத்து முக்கி எடுத்தீர்கள். கரையில் நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம். கடைசி ஆள் ஏறியதும் தண்ணீர் கலங்கியது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. பார்க்கப் பார்க்க உங்கள் இடுப்புக்கு ஏறியது. தூண்டில் போட்டிருந்த மலாய்க்காரர், "கெப்பாலா ஆயர்! நாயேக்!" என்று கத்தினார். மலைவெள்ளம் வருகிறது, மேலே ஏறுங்கள் என்று. நமக்கு எங்கே காது கேட்டது? ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டதென்று எல்லாரும் அல்லேலூயா போட்டோம். நீங்கள் இரண்டு கையையும் உயர்த்தி, "பாருங்க, கர்த்தர் கொடுக்குறாரு," என்றீர்கள். நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

நாளைக்கு நம் மகளுக்கு ஞானஸ்நானம். ஜெலாப்பாங்கில் வேலை பார்க்கிறாள், ஈப்போ சபைக்குப் போகிறாள். அங்கே ஓடு பதித்த தொட்டி இருக்கிறது. அது வேண்டாமாம்.

"அப்பா நின்ன எடத்துலதான் எறங்குவேன்மா."

உங்கள் பிடிவாதம், வேறென்ன. வாளித் தண்ணீரைக் காட்டினேன். தலையைத் துவட்டிக்கொண்டு போய்விட்டாள். பாஸ்டருக்குப் போன் போட்டால், வானம் பளிச்சென்று இருக்கிறதே அக்கா, பயப்படாதீர்கள் என்கிறார். தலைக்கு மேலே பார்க்கிறார்கள். மலைப் பக்கம் ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே காலையிலிருந்து கருத்துக் கிடக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. கோபமும்தான், உங்கள் மேலும், கர்த்தர் மேலும். ஆனாலும் தண்ணீர் ஆசீர்வாதம் என்று நீங்கள் ஊட்டிய நம்பிக்கை என்னைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதையும் சுமக்கிறேன், அந்த மலாய்க்காரரின் குரலையும் சுமக்கிறேன்.

பாஸ்டரிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் ஆற்றில் இறங்குவேன். மத்தியானம் உட்கார்ந்து வெள்ளை அங்கி தைத்து முடித்தேன். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.