பதிவேட்டின் ஓரத்துப் பென்சில் குறிகள்

ஊருக்கெல்லாம் ஃபாதர், எனக்கு மட்டும் தம்பியான உனக்கு,

நம் கோயில் பங்கின் வரலாறு என்று நீ எழுதிய வைரவிழா மலர் வந்தது. அட்டை வழவழப்பாக இருக்கிறது. உன்னைப் போலவே.

ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்தில் இருக்கும் பென்சில் குறிகளைப் பற்றி உருகி உருகி எழுதியிருக்கிறாய். முதல் பங்குத்தந்தை தினமும் ஒவ்வொரு பிள்ளைக்காகவும் ஜெபித்து இட்டவையாம். அந்த ஜெபத்தில்தான் பள்ளிக்கூடமே முளைத்ததாம். யார் காதில் பூ சுற்றுகிறாய்?

கோயில் கூட்டிய நம் அம்மா, வேலை முடிந்ததும் பூசை உடுப்பு வைக்கும் அறையில் பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். வருகைப் பதிவுக்கு நோட்டு இல்லாததால் அந்தப் பதிவேட்டிலேயே குறி போட்டாள். "பென்சில்லதானே போடறேன், அப்புறம் அழிச்சிக்கலாம்" என்பாள். நீயும் அங்கே படித்தவன்தான். பள்ளியைத் தொடங்கியவள் துடைப்பம் பிடித்தவள் என்று எழுத உனக்குக் கை வரவில்லை.

உன் பெயருக்கு நேரே ஒரு நாள்கூடக் குறி விடுபடவில்லை, கவனித்தாயா? பாதி நாள் நீ வகுப்புக்கே வராமல் ஓடிப்போனவன். அம்மா எழுதிய பொய் அது ஒன்றுதான். நீ இருநூறு பக்கம் எழுதியிருக்கிறாய்.

உன் அக்கா