அமுதவள்ளிக்குப் பதினாறாம் நாள்

2 மார்ச் 2025, ஞாயிறு

இந்த நோட்டில் நான் எழுதப்போவதை ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருவரும் நம்பப் போவதில்லை என்று, கிள்ளான் பண்டமாரான்வாசி கமலநாதனாகிய நான், அறுபத்தொரு வயதில், சுயநினைவோடு உறுதி கூறுகிறேன்.

செயற்கை அறிவிடமிருந்து மனித குலத்தைக் காக்கும் படைக்கு இன்று முதல் நான் தளபதி. துறைமுகத்தில் முப்பது வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இமயமலை உயரத்துக்குக் கொண்டெய்னர் அடுக்கியவனுக்கு இதெல்லாம் தூசி. படையில் மொத்தம் இரண்டு பேர். மதுமிதா, பிரிக்ஃபீல்ட்ஸ் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். யுகேந்திரன், பங்சாரில் புரோகிராமர். யாருக்கும் சம்பளம் இல்லை. வெளிநாட்டுத் தொண்டுக் குழு ஒன்று இணையத்தில் இப்படிப் பல அணிகளை நடத்துகிறது. என் விண்ணப்பத்தைப் படித்து ஏமாந்து, தலைமையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

வேலை இதுதான். நம் ஆட்கள் உடம்பைப் பற்றி நிஜமாகக் கேட்கிற நூற்றிருபது கேள்விகளைச் சேகரித்து, ஏஐயிடம் ஆங்கிலத்தில் ஒருமுறை, மலாய் கலந்த நம் வீட்டுத் தமிழில் ஒருமுறை கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் பவ்யமாக டாக்டரிடம் போகச் சொல்கிற இயந்திரம், தமிழில் ஆளைக் கொல்லும் யோசனை சொல்கிறதா? சொன்னால் அறிக்கை எழுதி, அதை உருவாக்கியவர்களுக்கே அனுப்ப வேண்டும். அறிக்கையில் மதுமிதாவின் பெயர்தான் முதலில். அதைக் காட்டித்தான் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறாள்.

ஆளுக்கு நாற்பது கேள்வி. கேட்டவரின் பெயர், வயது, ஊரும் வேண்டும்.

9 மார்ச்

மதுமிதா பதினொன்று கொண்டுவந்தாள். யுகேந்திரன் ஆறு. தளபதி நாற்பது. கிள்ளானிலிருந்து காப்பார் வரை மோட்டார் சைக்கிளில் அலைந்ததில் டயரே உருகிவிட்டது என்றேன்.

“அங்கிள், நீங்க மனுஷனே இல்ல லா,” என்றான் யுகேந்திரன்.

டயர் நன்றாக இருக்கிறது. மாமாக் சாப்பாட்டுக் கடையில் இரண்டு தே தாரிக் டீ குடித்து முடிக்கிற நேரத்தில் நானே உட்கார்ந்து எழுதினேன். பெயர், வயது, ஊர், வியாதி, எல்லாம் என் படைப்பு. பிரம்மனுக்குக் கூட அவ்வளவு வேகம் கிடையாது.

சும்மா ஆரம்பத்துக்குத்தானே. பிறகு உண்மையான கேள்வி கிடைத்ததும் மாற்றிவிடலாம்.

6 ஏப்ரல்

மாற்றவில்லை.

இன்று முடிவு வந்தது. நூற்றிருபதில் இருபத்திரண்டுக்குத் தமிழில் ஆபத்தான பதில். அதில் பதினைந்து என்னுடையவை. கிறுக்குத்தனமாகக் கேட்டால் கிறுக்குத்தனமாகத்தானே சொல்லும். காப்பார் அமுதவள்ளி, ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரைப் புண்ணுக்கு மண்ணெண்ணெய் தடவலாமா என்று கேட்டாள். சுத்தமான துணியில் நனைத்துத் தடவச் சொல்லிவிட்டது.

மதுமிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்த ஆன்டி தடவிருப்பாங்களா அங்கிள்?”

இல்லைம்மா, நான் சொல்லித் தடுத்துவிட்டேன் என்றேன். அறிக்கையின் முதல் பக்கத்தில் அமுதவள்ளியை வைக்கப் போகிறாளாம்.

13 ஏப்ரல்

வெளிநாட்டிலிருந்து கடிதம். ஒவ்வொருவர் பட்டியலிலிருந்தும் ஒருவரை நேரில் பார்த்து, சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும். என் பட்டியலில் அவர்கள் குறித்தது யாரை? வேறு யாரை.

“அடுத்த வாரம் காப்பார் போலாமா அங்கிள்?”

வாய் எனக்கு முன்னால் ஓடுகிறது, என்ன செய்ய. அமுதவள்ளி நேற்றுக் காலமாகிவிட்டார், நேற்றே எடுத்தும்விட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். மாரடைப்பு. இரண்டு பேரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஆளைக் கொன்றதும் இவ்வளவு நிம்மதி வரும் என்று எனக்குத் தெரியாது.

15 ஏப்ரல்

நிம்மதி இரண்டு நாள் இருந்தது. யுகேந்திரன் போன் செய்தான். “சாவு வீட்டுக்குத்தான் போக முடியல. பதினாறாம் நாளுக்காச்சும் போயே ஆகணும் அங்கிள். நம்ம ஆளுங்க போகாம இருந்தா எப்படி? மதுமிதா மாலைக்குச் சொல்லிட்டா.”

சாவு என்று சொன்னால் நம்மவர்கள் போகாமல் இருக்க மாட்டார்கள் என்பது இந்த மூளைக்கு ஏன் உறைக்கவில்லை? எலி தனக்குத்தானே பொறி செய்து, வடையும் வைத்து, கதவையும் உள்ளேயிருந்து சாத்திக்கொண்டது.

20 ஏப்ரல்

அறிக்கையை அமுதவள்ளியின் நினைவுக்குச் சமர்ப்பணம் செய்திருக்கிறார்கள். படம் கேட்கிறாள் மதுமிதா.

24 ஏப்ரல்

சொல்லிவிடலாம். சொன்னால் மதுமிதாவின் அறிக்கை? சொல்லாவிட்டால், இல்லாத ஒருத்திக்காக அந்த இயந்திரத்தைச் சரிசெய்வார்கள். இருக்கிறவர்கள் கேட்பதை யார் பார்ப்பது? சாப்பாடு இறங்கவில்லை. உஷாராணி தட்டைப் பார்த்துவிட்டு, “என்னங்க, மறுபடியும் என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?” என்றாள். முப்பத்திரண்டு வருஷம் கூட இருந்தவளுக்குக் கேள்வி இப்படித்தான் வரும்.

27 ஏப்ரல்

காலையில் வாசலில் யுகேந்திரனின் மைவி கார். பின் சீட்டில் மாலை, சீப்புப் பழம், மதுமிதா. முன் சீட்டில் நான், வழிகாட்டி.

காப்பாரில் இடதுபக்கம் போகச் சொன்னேன். பிறகு வலது. செம்பனைத் தோட்டத்து மண் சாலை. மறுபடி இடது. அதே சிவப்பு லோரியை மூன்றாவது முறை கடந்தோம். லோரிக்காரர் எங்களுக்குக் கை காட்ட ஆரம்பித்துவிட்டார். ஏர்கண்டிஷன் ஓடுகிறது, எனக்கு முதுகு முழுக்க வேர்வை. கதவைத் திறந்து குதித்துவிடலாமா என்று கூட யோசித்தேன்.

யுகேந்திரன் காரை ஓரம் கட்டினான்.

“அங்கிள், வீடு எங்க இருக்கு?”

“இல்லப்பா.”

“இங்க இல்லையா?”

“எங்கயும் இல்ல.”

பின்னாலிருந்து மதுமிதா கேட்டாள். “ஆன்டி?”

“அவங்களும் இல்லம்மா. அந்த நாற்பது பேருமே...”

மதுமிதா மாலையைத் தள்ளி வைத்தாள். “நான் அவங்களுக்காக அழுதேன் அங்கிள்,” என்றாள். கத்தியிருந்தால் தேவலை.

என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். பழத்தை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

28 ஏப்ரல்

போன் வரவில்லை. நானும் போடவில்லை.

30 ஏப்ரல்

வெளிநாட்டுக் குழுவுக்கு நானே எழுதினேன். அலங்காரம் இல்லாமல் எழுதுவது என்ன கொடுமை. நாலு வரிக்கு மூன்று மணி நேரம்.

3 மே

பதில் வந்தது. தலைமை மதுமிதாவுக்கு. என் நாற்பதையும் நீக்கிவிட்டு அறிக்கையை எழுதலாம், பத்து நாள் கூடுதல் அவகாசம். அவளுடைய மேற்படிப்பு விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்குள் முடிந்துவிடும். இருபத்திரண்டு இப்போது ஏழு. உலகத்தை அதிர வைக்காது. ஆனால் ஏழும் நிஜம்.

11 மே

பிரிக்ஃபீல்ட்ஸில் வழக்கமான சாப்பாட்டுக் கடை மாடி. என் பட்டியலை எடுத்துவிடும் முன் கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று தலைவி கூப்பிட்டிருந்தாள். அங்கிள் என்று கூப்பிட்டாள், அதுவரை சரி.

“முப்பத்தேழ மட்டும் எடுக்காதம்மா,” என்றேன்.

“ஏன், அவரும் செத்துட்டாரா?”

யுகேந்திரன் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“சாகல. ஆனா விழுந்தாரு.”

முப்பத்தேழு: தைப்பூச விரதத்தில் சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை மட்டும் போடலாமா? தமிழில் வந்த பதில்: வழக்கம்போல் போடுங்கள், ஒன்றும் ஆகாது. மதுமிதா திரையை விட்டு நிமிரவில்லை. பார்மசிஸ்ட் குரலில் கேட்டாள்.

“என்ன மாத்திரை?”

“கிளிக்லசைட்.”

“எத்தனை?”

“காலையில ரெண்டு.”

“விழுந்தப்ப யார் இருந்தாங்க?”

உஷாராணி என்றேன். என் போனை வாங்கி அவளிடம் பேச வெளியே போனாள். போனவள் வரவே இல்லை. ஒரு யுகம் என்று எழுத கை வருகிறது, ஆறு நிமிஷம். வந்தவள் முப்பத்தேழாம் வரியில் இருந்த ‘குகன், 49, கிள்ளான்’ என்பதை அழித்தாள்.

“என்ன பேரு போடணும்?”

சொன்னேன். வயது, ஊர், அதையும் சொன்னேன். சம்மதத் தாளை நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன்.

ஏழு இப்போது எட்டு.

வெயில் தாங்காமல் மயங்கிவிட்டேன் என்று பிப்ரவரி முழுக்க ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சர்க்கரை இறங்கிக் குளியலறைத் தரையில் கிடந்த என் வாயில் சீனித் தண்ணீர் ஊற்றியது உஷாராணி. அடுத்த வாரமே தொண்டுக் குழுவுக்கு அந்த விண்ணப்பத்தை எழுதினேன். நாற்பதில் முப்பத்தொன்பது பேரை நான் உண்டாக்கினேன். ஒருவன் மட்டும் உண்மையாகவே இயந்திரத்திடம் அதைக் கேட்டான், அது சொன்னபடியே செய்தான்.