யோகோஹாமாவில் நான் பார்த்தது

அக்டோபர் 14, கராமா, துபாய்

யோகோஹாமாவில் நான் பார்த்த ஒரே அதிசயம் ஹோட்டல் கக்கூஸ்தான். அப்பாடா, எழுதிவிட்டேன். பச்சை மீனுக்குப் பயந்து இங்கிருந்தே தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனேன். விமானத்திலேயே அது என்னோடு சண்டைக்கு நின்றது. கிரேன் டிரெய்னிங் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊர் சுற்ற விட்ட இரண்டு நாளும் பட்டன் வைத்த பீங்கான்மேல் போயிற்று. எந்தப் பட்டன் எங்கே பீய்ச்சும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஜன்னலுக்கு வெளியே ஓயாத மழை.

வந்து பெட்டியை வைக்கவில்லை, ரூம்மேட் ஜெயசீலன், தூத்துக்குடிக்காரன், "பெரிய ராட்டினத்துல ஏறுனீரா அண்ணாச்சி?" என்றான்.

ஏறினேன் என்றேன்.

"ஃபூஜி மலை தெரிஞ்சுச்சா?"

துளி மேகமில்லை, பளிச்சென்று தெரிந்தது என்றேன். இந்த வாய் இருக்கிறதே!

அக்டோபர் 15

அந்த டிரெய்னிங் அவனுக்கு வரவேண்டியது. "முதுகுவலி சார் அவனுக்கு, பாவம்" என்று சூப்பர்வைசர் காதில் போட்டது நான். கம்பெனியில் யார் வீட்டு விஷயமும் என் வாயில் தங்காது. இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 17

டூட்டி முடிந்ததும் டீயோடு வந்து உட்கார்ந்துவிடுகிறான். "பெறவு, அண்ணாச்சி?" நானும் அளக்கிறேன். சீனக்காரர் தெருவில் ஆவி பறக்கும் பன் தின்றேனாம். கடலோரப் பூங்காவில் ரோஜா பார்த்தேனாம்.

"அங்க கப்பல் ஏதும் நிக்குதா?"

"கப்பலா? மாஃபி, ஒண்ணுகூட இல்ல. வெறும் தண்ணி."

சிரித்தான். எனக்கும் டீ ஆற்றிக் கொடுத்தான்.

அக்டோபர் 18

ஹோட்டலில் கொடுத்த வரைபடத்தை இன்றுதான் பிரித்தேன். அந்தப் பூங்காவை ஒட்டியே ஒரு பழைய கப்பல், எத்தனையோ வருஷமாகக் கட்டிக் கிடக்கிறதாம். ஊரே வந்து பார்க்கிறதாம்.

எதுக்குக் கேட்டான்? தெரிஞ்சே கேட்டானா? சே, சும்மா கேட்டிருப்பான். துறைமுகத்துல கப்பல் நிக்காம மாடா நிக்கும்?

அக்டோபர் 19

தூக்கமில்லை. வயிறு சரியாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 20

சொல்லிவிட்டேன். முதுகுவலி, மழை, கக்கூஸ், எல்லாம். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் டீ கிளாஸைப் பார்த்துச் சொன்னேன்.

"முதுகுக் கதைய சூப்பர்வைசர் அன்னைக்கே சொல்லிட்டாரு."

"பிறகு ஏன்டா வாயை மூடிக்கிட்டு இருந்தே?"

"நீரு துபாய விட்டா எங்கயும் போனதில்லையே அண்ணாச்சி."

இதுக்கு நாலு அறை விட்டிருக்கலாம். அந்தப் பட்டன் கதையை மறுபடி சொல்லச் சொல்லி, விழுந்து விழுந்து சிரித்தான்.

நவம்பர் 3

ஜெயசீலனுக்கு விசா புதுப்பிக்கணும். ரூமில் ஃபாரம் நிரப்புவது நான்தான். பேப்பர்களை என்னிடம் கொடுத்துவிட்டு டூட்டிக்குப் போனான். நடுவே கப்பல்காரர்களுக்குக் கொடுக்கும் பழைய பதிவுப் புத்தகம் ஒன்று: துபாய் வருவதற்கு முன் கப்பலில் வேலை பார்த்திருக்கிறான். ஊர் வம்பெல்லாம் தெரிந்த எனக்கு இது தெரியாது.

'இறங்கிய துறைமுகம்' என்ற கட்டத்தில் மூன்று தடவை யோகோஹாமா.