முன்பெட்டிப் பயணிகள்

சனிக்கிழமை, ஹம், ஜேர்மனி

நாளைக்கு மாதிரி ரயில் கழகத்தில் கண்காட்சி. மகள் ஆரணி இரண்டு வருடமாய்ப் பழைய படங்களைத் தேடித் தேடிச் செய்த குட்டி ரயிலின் அசல், அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில் ஒருகாலம் ஓடியது. அதில் பயணிகளாய் இருக்கிற பொம்மை ஆக்களுக்கு வர்ணம் பூசுகிற வேலையை மட்டும் என்னை நம்பித் தந்தவள். நான் எல்லாரையும் எங்கட நிறத்தில் பூசி, கடைசிப் பெட்டியில் யன்னலோரமாய் இருத்தி, நல்லாய் ஒட்டியும் விட்டேன். பெரிய கலைஞன் என்ற நினைப்பு!

பின்னேரம் பார்த்தவள் முதலில் சிரித்தாள்.

"அப்பா, அந்த நாளையில அங்க நிறம் பார்த்துப் பிரிக்கிற சட்டம் இருந்தது. இந்த நிறத்து ஆக்களை இந்தப் பெட்டியில ஏறவே விடேல்லை. எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில, ஒரு தடுப்புக்குப் பின்னால, புகைக்குள்ளதான் இருத்தினவை."

"ஆருக்கம்மா தெரியப்போகுது? விடு."

"எனக்குத் தெரியுமே."

பெட்டி உடைந்தால் இரண்டு வருட உழைப்பும் போச்சு. அவளோ கத்தியால் ஒவ்வொருவராய்க் கிளப்பி, முன்பெட்டியில் தடுப்பு வைத்து இருத்தினாள். நான் விளக்கை மட்டும் பிடித்தேன். ஒரு யன்னல் கீறுப்பட்டது. "இருக்கட்டும்" என்றாள்.

இவ்வளவு மினக்கெடுகிற பிள்ளை எனக்கு எப்படி வாய்த்தது? என்ர மூளை இல்லை, அது நிச்சயம். நாளைக்கு ஆரும் ஏன் இந்தத் தடுப்பு என்று கேட்டால் அவள் இந்த ஊர் டொச்சு மொழியில் விளக்குவாள். நான் ஒட்டினாற்போல் பக்கத்தில் நிற்பேன், தகப்பன் என்று தெரியட்டும்.