செங்கல் சூளையில் விளைந்த சம்பா

பிப்ரவரி 3, 2011. வியாழன். கடலூர் ஓ.டி.

பனி. தெற்குக் காற்று, செம்மங்குப்பம் கெமிக்கல் நாற்றம் வாசல் வரை. காலைச் சுற்று முடிந்தது. தண்ணீர் கேன் எல்லாம் கம்பெனிகளில் இறக்கியாச்சு. குட்டியானை வண்டிக்கு பிரேக் பார்க்க வேண்டும்.

நான் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. ஒன்று விடாமல். பயிர்க் காப்பீட்டு ஆபீசில் ரகசியம் என்று ஒன்று தங்கவே தங்காது என்று பொங்கலுக்கு முந்தின வாரமே சொன்னேன். வீட்டில் சொன்னேன், பிரவுசிங் சென்டர் பாயிடம் சொன்னேன், கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு பெரிய அதிகாரியிடமே சொன்னேன். (அதிகாரி இல்லை, அவருடைய டிரைவர். டிரைவருக்குத் தெரியாதது அதிகாரிக்கு என்ன தெரியும்.)

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். பின்னால் உதவும்.

தங்கை கோமதியும் அவள் வீட்டுக்காரர் ராமலிங்கம் மச்சானும் குமராட்சிப் பக்கம் சம்பா வைத்தவர்கள். கார்த்திகை வெள்ளத்தில் மொத்தமும் அழுகியது. நஷ்ட ஈட்டுப் பட்டியலில் மச்சான் பெயர் இன்னும் ஏறவில்லை. பக்கத்து நிலத்துத் தங்கராசு பெயர் ஏறிவிட்டது. தங்கராசு நிலத்தில் இருப்பது செங்கல் சூளை. நெல் இல்லை, புல் கூட இல்லை. செங்கல் எந்த மாசம் கதிர் விடும், கேட்கிறேன்.

சர்க்கார் காப்பீட்டுக் கம்பெனி ஆன்லைனில் மோசடிப் புகார் வாங்குகிறது என்று கேள்வி. சிதம்பரம் போய், பாய் நடத்துகிற பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது: தகவல் தருபவர் பெயர் வெளியே போகாது. பாய்தான் படித்துச் சொன்னார். எனக்கும் கண் இருக்கிறது, இங்கிலீஷ் மட்டும் கொஞ்சம் தகராறு. நான் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். (சத்தமாகத்தான் சொன்னேன். ஃபேன் இரைச்சல் ஜாஸ்தி.) கண்ணியமான வார்த்தையில் எழுத வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதாம். தங்கராசுவைப் பற்றி நான் சொன்ன முதல் மூன்று வரிகளை அடிக்கவே மாட்டேன் என்றுவிட்டார். அடித்திருந்தால் கம்ப்யூட்டரே சிவந்திருக்கும்.

புகாரில் இரண்டு விஷயம். ஒன்று, சூளைக்கு நெல் காப்பீடு. இரண்டு, கம்பெனிக்காக வயல் பார்க்க வருகிற வளர்மதி என்ற பெண்ணுக்குத் தங்கராசு கீரப்பாளையம் டீக்கடையில் வைத்துக் கவர் கொடுத்தது. கண்ணால் பார்த்த சாட்சி என்று கீழே என் பெயர், செல் நம்பர். சாட்சி இல்லாத புகாரை எவன் படிப்பான்.

இன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது போன். ஒரு பெண் குரல், சாந்தமாக.

"சார், வளர்மதி பேசறேன். நீங்க என்னைப் பத்திக் குடுத்த புகாரு என் கையிலதான் இருக்கு."

சோற்றைப் பிசைந்தது பிசைந்தபடி. மீன் குழம்பு வேறு. வீணாகப் போனது. (அப்புறம் சாப்பிட்டேன்.)

த்தூ. ரகசியமாம், சிவப்பு எழுத்தாம்.


பிப்ரவரி 5, சனி.

குமராட்சி போய் வந்தேன். மினிபஸ்ஸில் நின்றபடி. இடுப்பு விட்டுப்போனது. பழைய ஆயின்மெண்ட் தேட வேண்டும்.

கூத்தைக் கேள். புகாரின் நகல் தங்கராசுவுக்கும் வந்திருக்கிறது. விளக்கம் எழுதித் தரச் சொல்லி ஆபீசே அனுப்பியிருக்கிறது. என் பெயர், அப்பா பெயர், தெரு, செல் நம்பர், எல்லாம் அச்சில். அவன் அதை டீக்கடையில் கொண்டு வைக்க, பேப்பர் மாதிரி ஆளுக்கு ஆள் படித்திருக்கிறார்கள். நான் இறங்கின போது நூறு பேர் கூடிவிட்டார்கள். (ஏழெட்டு பேர்.)

"வாங்க மாமா, சூளையில சூடா இருக்கு, டீ போடச் சொல்லட்டா?" தங்கராசுதான். சிரித்துக்கொண்டே. "நெல்லு அறுக்க ஆளு வேற தேடிக்கினு இருக்கேன். வர்றீங்களா?"

கடையே சிரித்தது. நானும் பதிலுக்கு ஒன்று சொன்னேன், அவன் வாயடைத்துப் போனான். (என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. ஏதோ சொன்னேன்.)

கோமதி வீட்டில் சோறு போட்டாள், முகம் கொடுக்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் விடுவது, களத்துக்கு வழி விடுவது எல்லாம் தங்கராசுவைத் தாண்டித்தான் நடக்கிறதாம். "அண்ணே, நீ பஸ் ஏறிப் போயிடுவ. நாங்க இங்கதான இருக்கணும்" என்றாள். மச்சான் எழுந்துபோய், ஏற்கெனவே கட்டியிருந்த மாட்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

திரும்பும் வழியில் பாய் கடை. கேட்டே விட்டேன், இது எந்த ஊர் ரகசியம் என்று. பாய் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து இன்னொரு அசிங்கம் காட்டினார். ஊர் பெயரைத் தட்டினால் போதும். யார் யார் காப்பீடு செய்தது, சர்வே நம்பர், பேங்க் கணக்கு நம்பர், செல் நம்பர், எல்லாம் வரிசையாக வந்து விழுகிறது. எவன் வேண்டுமானாலும் பார்க்கலாம். கோமதி பெயரும் இருக்கிறது. குளிக்கிற இடத்துக்குக் கதவு போடாமல் ஊர் நடுவே வைத்த மாதிரி.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் எவனோ தன் மெயிலை மூடாமல் போயிருந்தான். பெண் வீட்டாரோடு நிச்சயதார்த்த இழுபறி. மாப்பிள்ளைக்கு வேலை போனதை மறைத்திருக்கிறார்கள். நாலு கடிதம் இருந்தது. கடைசி வரை படித்தேன். படிக்கக்கூடாதுதான், திறந்து போட்டது அவன் தப்பு. ஜனங்களுக்குக் கொஞ்சம் கூட ஜாக்கிரதை இல்லை.


பிப்ரவரி 7, திங்கள்.

வெயில். பிரேக் சரி. ஆயின்மெண்ட் கிடைத்தது, காலாவதி, தடவிக்கொண்டேன்.

கடலூர் ஆபீஸ் போனேன். காப்பீட்டுக் கம்பெனி மாடியில். வாசலில் பெரிய எழுத்து: தங்கள் தகவல் ரகசியமாகக் காக்கப்படும். அதற்குக் கீழே பெஞ்சியில் எவர் எவர் விண்ணப்பமோ குவிந்து கிடக்கிறது, போட்டோவோடு. மேலே டீ டம்ளர் வைத்த வட்டம்.

விசாரணை அதிகாரி என் வயதுக்காரர். சட்டைப் பையில் மூன்று பேனா. நான் போட்ட போட்டில் நடுங்கிவிட்டார் என்றுதான் எழுத ஆசை. அவர் நடுங்கவில்லை, பிஸ்கட் சாப்பிட்டார். பிறகு எனக்குப் பாடம் எடுத்தார். புகார் யார் மேலயோ அவங்ககிட்டதான் விளக்கம் கேட்க வேண்டுமாம். பெயர் போடாமல் அனுப்பினால் யாருக்குப் பதில் எழுதுவார்களாம். எப்போதும் இப்படித்தானாம், இதுவரை யாரும் குறை சொன்னதில்லையாம்.

திருடன் மேல் மனுக் கொடுத்தால் திருடனையே விசாரிக்கச் சொல்லி, கொடுத்தவன் விலாசத்தையும் கூடவே அனுப்புகிற சர்க்கார் வேலை. இந்த நாட்டில் எவன் வாய் திறப்பான். படியிறங்கும்போது துப்பினேன். (படியில் இல்லை. வெளியே வந்து.)

வெள்ளிக்கிழமை விசாரணை. நான் நேரில் வந்து பார்த்ததைச் சொல்ல வேண்டும்.


பிப்ரவரி 9, புதன்.

வாங்க: கேன் மூடி, பல்பு, வெற்றிலை, வீட்டுக்காரிக்கு இருமல் மருந்து.

சாயங்காலம் வளர்மதி வந்தாள். நம்பர்தான் ஊருக்கே தெரியுமே, விலாசமும் அச்சடித்துக் கொடுத்தாயிற்றே. ஒல்லி. தோளில் பை, செருப்பெல்லாம் சேறு. வயலில் இருந்து நேராக வந்திருப்பாள் போல. சண்டைக்கு வருகிறாள் என்று நான் மார்பை நிமிர்த்தினேன். அவள் சண்டை போடவில்லை. அதுதான் தொல்லை.

வருஷக்கணக்கில் காண்டிராக்டில் இருக்கிறாளாம். நிரந்தரம் ஆக்குகிற ஆர்டர் இந்த மாசம் வரவேண்டியது, என் புகாரால் மேசையில் நிற்கிறதாம்.

"சூளைன்னு நானும் எழுதித்தான் குடுத்திருக்கேன் சார். அதுல நீங்க சொன்னது நெசம். கவரு மட்டும் என்னிக்கின்னு சொல்லுங்க. நான் கீரப்பாளையத்துல ஒரு நாளும் டீ குடிச்சது இல்ல."

"பார்த்தது பார்த்ததுதாம்மா" என்றேன். நல்ல கம்பீரமாக வந்தது குரல்.

"வெள்ளிக்கிழமை பார்த்தத மட்டும் சொல்லுங்க சார். அது போதும் எனக்கு."

அவ்வளவுதான். வீட்டுக்காரி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

ராத்திரி சாப்பாட்டில் வீட்டுக்காரி ஆரம்பித்தாள். "அந்தப் பொண்ணு பொய் சொல்ற மாதிரி தெரியலயே மாமா." ஆபீஸ் விஷயம் உனக்கு என்ன தெரியும் என்றேன். லஞ்சம் வாங்குகிறவர்கள் முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டா வருவார்கள். ரசத்தில் உப்பே இல்லை.


பிப்ரவரி 11, வெள்ளி.

விசாரணை முடிந்தது. ஆபீசே கிடுகிடுத்தது.

இருந்தவர்கள்: அதிகாரி, எழுதுகிற கிளார்க், தங்கராசு (வெள்ளைச் சட்டை, விபூதி), வளர்மதி, நான். மச்சானைத் துணைக்குக் கூப்பிட்டிருந்தேன். வந்தார், கதவோரம் நின்றார்.

முதலில் சூளை. நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். கிராமக் கணக்கில் அந்த இடம் நஞ்சை, பயிர் சம்பா என்று இருக்கிறதாம். கணக்கு அப்படி இருக்கும்போது தங்கராசு மேல் குற்றம் இல்லையாம். சூளை என்று எழுதிக் கொடுத்தேனே சார் என்றாள் வளர்மதி. உன் அறிக்கையைத்தான் இப்போது சந்தேகப்படுகிறோம் என்றார் அதிகாரி. புகை போகிற சூளை, கம்பெனி ஜீப்பில் போய்ப் பார்த்தால் தெரியும். பார்க்க மாட்டார்கள். சீ.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். கவர் கொடுத்ததைப் பார்த்தீர்களா?

எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். வாழ்க்கையில் ஒரு ஆபீசில் எனக்கு நாற்காலி போட்டு, ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்து, நான் பேசப் பேசக் கிளார்க் எழுதினது இதுதான் முதல் தடவை. பார்த்தேன் என்றேன், பொங்கலுக்கு முன்னால் தங்கை வீட்டுக்குப் போன அன்றைக்கு. எப்படிப்பட்ட கவர் என்றார். பழுப்புக் கவர் என்றேன். அப்படியே வந்தது. ரப்பர் பேண்டு போட்டது. அந்தப் பொண்ணு இடது கையால் வாங்கிப் பைக்குள் வைத்தது. தங்கராசு சுற்றும் முற்றும் பார்த்தது. நான் எதிர்க்கடையில் வடை தின்றுகொண்டிருந்தது. கிளார்க் வடையைக் கூட விடவில்லை.

"நல்லா ஞாபகம் வெச்சிருக்கீங்களே" என்றார் அதிகாரி. மரியாதையாக.

தங்கராசு முதல் தடவையாகச் சிரிக்காமல் என்னைப் பார்த்தான். நான் எதுவும் குடுக்கல சார் என்று அவன் சொன்னதை யாரும் எழுதினதாகத் தெரியவில்லை. வளர்மதி பையைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து கைக்குட்டையை எடுத்தாள்.

கையெழுத்துப் போட்டேன். பேனா அதிகாரியுடையது, வழவழவென்று ஓடியது.

வெளியே மச்சான் கேட்டார். "அன்னிக்கு நீங்க சிதம்பரம் பஸ்ல நேரா எங்க வீட்டுக்குத்தான மச்சான் வந்தீங்க?" வழியில் கீரப்பாளையத்தில் இறங்கி ஏறினேன் என்றேன். தலையை ஆட்டினார். டீ வேண்டாம் என்றுவிட்டார்.


பிப்ரவரி 16, புதன்.

பனி விட்டது. வண்டி ஓடவில்லை, நானும் கிளம்பவில்லை.

பாய் போன் செய்தார். கம்பெனி பக்கத்தில் புதுப் பட்டியல் வந்திருக்கிறதாம். தங்கராசு பெயர் இருக்கிறது. மச்சான் பெயர் இல்லை. புகார்களின் நிலை என்று ஒரு இடம், அதிலும் எல்லார் பார்வைக்கும் போட்டிருக்கிறார்கள்: சூளை, ஆதாரம் இல்லை. களப்பணியாளர் வளர்மதி, நேரில் கண்ட சாட்சியின் பேரில் பணி நீக்கம். சாட்சி என்று என் பெயர், முழுசாக. பாய் அதைப் படித்துவிட்டு, "நீங்க பெரிய ஆளுதான் மாமா" என்றார். கிண்டலா என்று பிடிபடவில்லை.

கோமதி போனை எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மச்சான் எடுத்து, வேலையாக இருக்கிறாள் என்று வைத்துவிட்டார்.

எல்லாம் அந்த ஆபீஸ் செய்த அசிங்கம். பெயரை வெளியே விட்டதால்தான் இவ்வளவும். ரகசியமாக வைத்திருந்தால் என்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டார்கள், நானும் ரப்பர் பேண்டு வரைக்கும் போயிருக்க மாட்டேன். சூளை உண்மை. பட்டியல் உண்மை. தங்கராசு அயோக்கியன் என்பது சத்தியமான உண்மை. அதில் ஒன்றைக் கூட அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

கீரப்பாளையத்தில் நான் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. ஜன்னல் வழியாகக் கூட எதையும் பார்க்கவில்லை, தூங்கிக்கொண்டு போனேன். கவர் இல்லை. அது நானாகச் சேர்த்தது.