குலுக்கலில் விழுந்த கதவு

ரூ பெர்தொனே, லா ஷப்பெல்
18 ஏப்ரல் 1985

திரு. நீக்கிலாஸ் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கதவை நான்கு முறை தட்டிவிட்டேன். நான்கு முறையும் திறந்தவர் உங்களோடு தங்கியிருக்கும் வரதராசா. இன்று அவரே, "தமிழிலை ஒரு கடிதம் எழுதி வையுங்கோ, அந்தாள் வாசிக்கும்" என்று யோசனை சொன்னார். உங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினா. புதுச்சேரிக்காரி, பதினோரு வயதில் அப்பாவோடு பிரான்சுக்கு வந்தவள். ஓர் அரசியல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். பாரிஸில் வாழ்கிறவர்கள், பிரெஞ்சுக்காரரோ வெளிநாட்டவரோ, அரசியலைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அறுநூறு பேரிடம் கேட்கிறோம். வீடுகளைக் குலுக்கல் முறையில் எடுத்தோம். உங்கள் கதவு விழுந்தது. வீட்டில் அடுத்து யாருக்குப் பிறந்தநாள் வருகிறதோ அவரைத்தான் கேட்க வேண்டும் என்பது விதி. அது நீங்கள்தான் என்கிறார் வரதராசா.

முக்கால் மணி நேரம் போதும். எப்போது வரலாம்? என் முகவரி மறுபக்கத்தில் இருக்கிறது.

அன்புடன்,
பிலோமினா

*

லா ஷப்பெல்
23 ஏப்ரல் 1985

மதிப்புக்குரிய பிலோமினா அவர்கட்கு,

பாரிஸுக்குள்ளேயே ஒருவர் எனக்குத் தமிழில் கடிதம் எழுதியது இதுதான் முதல் தடவை. அதற்கு நன்றி. வீணாகப் படியேற வைத்ததற்கு மன்னிப்பும் கேட்கிறேன்.

ருவாசி விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டுக் கழுவுகிறேன். பின்னேரம் இரண்டு மணிக்குத் தொடங்கினால் இரவு பத்துக்குத்தான் முடியும். அத்தோடு அரசியலைப் பற்றி என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. வரதராசாவைக் கேளுங்கள். "நானெண்டால் ஆறு மணித்தியாலம் கதைப்பன், அந்தப் பிள்ளைக்கு எழுதக் கொப்பி காணாது" என்று நேற்றும் சொன்னான். ஒரே அறை, ஒரே சோற்றுப் பானை. யாரைக் கேட்டால் என்ன?

குறை நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நீக்கிலாஸ்

*

பியர்ஃபித்
28 ஏப்ரல் 1985

அன்புள்ள நீக்கிலாஸ் அவர்களுக்கு,

குறை நினைக்கவில்லை. ஆனால் வரதராசாவைக் கேட்கக் கூடாது. ஆறு மணி நேரம் பேசத் தயாராக இருக்கிறார் என்பதுதான் காரணம்! பேச ஆசைப்படுகிறவர்களை மட்டும் கேட்டால், பாரிஸ் முழுக்க அரசியல்தான் பேசிக்கொண்டிருக்கிறது என்று எழுதிவிடுவோம். அது பொய்யாகிவிடும்.

ஒரு சங்கதி சொல்கிறேன். இதுவரை வந்த தாள்களைப் போன வாரம் பிரித்துப் பார்த்தேன். முதல் தட்டலிலேயே கதவு திறந்தவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். மேயரைப் பற்றி அவர்களுக்கு ரொம்பத் திருப்தி. நாலாவது, ஐந்தாவது தட்டலில் கிடைத்தவர்களோ ஹோட்டலிலும் ஆஸ்பத்திரியிலும் முறைவேலை பார்க்கிறவர்கள். அவர்கள் சொல்வது முற்றிலும் வேறு. அவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் கம்ப்யூட்டர் அழகாக ஒரு சதவீதம் தரும். அதில் இந்த ஊரின் பாதி இருக்காது.

"சொல்ல ஒன்றுமில்லை" என்பதும் எங்களுக்கு ஒரு பதில்தான். அதற்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். அதை நீங்களே சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

உங்களுக்கு விடுப்பு நாள் எது? மழையென்றாலும் வருவேன்.

அன்புடன்,
பிலோமினா

*

லா ஷப்பெல்
6 மே 1985

அன்புள்ள பிலோமினா அவர்கட்கு,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகிற ரயிலில் இரண்டு தரம் வாசித்தேன். இவ்வளவு நேர்மையாக எழுதுகிறவருக்கு நான் பொய் சொல்லக் கூடாது.

நீங்கள் மூன்றாந்தரம் வந்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், மூச்சு விடாமல் நின்றேன். நான் கேட்டபடியால்தான் வரதராசா "ஆள் இல்லை" என்றான்.

83 ஆடியில் நானும் தங்கையும் கொழும்பில் இருந்தோம். தமிழரை அடிக்க வந்தவர்கள் வீடு வீடாகத் தேடவில்லை. அவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. பெயரைப் பார்த்து நேரே எங்கள் வாசலுக்கு வந்தார்கள். பின்மதிலேறி அயல்வீட்டில் ஒளிந்து தப்பினோம். தங்கை இப்போது மன்னாரில் சுகமாக இருக்கிறாள். வீடு எரிந்துபோனது. இங்கே என் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை.

இந்த நிலையில் ஒருவர் கையில் தாளோடு வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்டால், நல்லவராக இருந்தாலும் என் கால் குசினிக்குத்தான் ஓடுகிறது. உங்கள் சதவீதத்தில் என்னால் ஒரு ஓட்டை விழுந்தால் மன்னியுங்கள்.

நீக்கிலாஸ்

*

பியர்ஃபித்
13 மே 1985

அன்புள்ள நீக்கிலாஸ்,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. தட்டுகிறவளுக்கு உள்ளே நிற்கிறவரின் பயம் தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது.

எங்கள் தலைவி ஜெனவியேவிடம் போய், ஊரும் பேரும் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். கேள்வித்தாளில் யார் பெயரும் இருப்பதில்லை, வெறும் எண்தான். பெயர் எழுதிய சீட்டு தனியாக இருக்கும். பதில் வந்ததும் அதைக் கிழித்துவிடுவது வழக்கம். "இவர் விஷயத்தில் முதலிலேயே கொடுத்துவிடேன்" என்றார். ஆகவே இத்துடன் இருக்கும் சிறு சீட்டைப் பாருங்கள். எங்களிடம் உங்கள் பெயர் இருந்த ஒரே இடம் அதுதான். என்ன செய்ய வேண்டுமோ நீங்களே செய்யுங்கள். இனி எங்களுக்கு நீங்கள் 417. மூன்றாம் மாடி, இடது கதவு. பதில் சொல்ல மாட்டேன் என்றாலும் சீட்டு உங்களுடையதுதான்.

இன்னொன்று. ஜெனவியேவ் என்னை உற்றுப் பார்த்துக் கேட்டார்: "எத்தனை கடிதம் ஆயிற்று?"

"நாலு."

"அப்படியானால் நீ போகக் கூடாது. உனக்குப் பிடித்த பதிலையே அவர் சொல்லுவார். ஒன்று, கடிதத்தை நிறுத்திவிட்டுக் கேள்வியோடு போ. இல்லையென்றால் தாளைச் சுசானிடம் கொடுத்துவிட்டு எத்தனை கடிதம் வேண்டுமானாலும் எழுது. சாயங்காலத்துக்குள் முடிவு சொல்."

சாயங்காலம் வரை நான் காத்திருக்கவில்லை. நீங்கள் சரியென்றால் எனக்குப் பதில் வரும் சுசானும் புதுச்சேரிதான். கொஞ்சம் கண்டிப்பு, மனசு நல்லது.

அன்புடன்,
பிலோமினா

*

லா ஷப்பெல்
3 ஜூன் 1985

அன்புள்ள பிலோமினா,

சீட்டைக் கிழிக்க எடுத்தேன், மனம் வரவில்லை. உங்கள் கையெழுத்தில் என் பெயர் வடிவாக இருக்கிறது. பைபிளுக்குள் வைத்துவிட்டேன்.

நேற்றுச் சுசான் வந்தார். கதவை நானே திறந்தேன். கால் குசினிப் பக்கம் திரும்பியது உண்மை. ஆனால் திறந்தேன்.

வரதராசா தேத்தண்ணியோடு வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டான். முதற் கேள்விக்கே, "அக்கா, உதுக்கு நான் சொல்லட்டோ?" என்றான்.

சுசான் தலையே நிமிரவில்லை. "முசியே, நீங்க குசினிக்குப் போங்க."

போனான். அங்கிருந்து ஒவ்வொரு கேள்விக்கும் அவன் இருமிய இருமலைக் கேட்டிருக்க வேண்டும்! சுசான் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். இந்த அறையில் நான் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்.

சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதினேன் அல்லவா? முக்கால் மணி என்றது இரண்டு மணித்தியாலமாகிவிட்டது. தேர்தல், மேயர், வேலையிட எஜமான், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு அபிப்பிராயம் இருந்திருக்கிறது. ஒருவரும் கேட்கவில்லை, அதுதான் எனக்கே தெரியாமல் போனது.

நான் சொன்னதைச் சுசான் உங்களுக்குச் சொல்லமாட்டாராம். விதியாம். கேட்க விருப்பமென்றால் நானே சொல்லுகிறேன். 16ஆம் திகதி ஞாயிறு எனக்கு விடுப்பு. கார் து நோர் ரயில் நிலையத்துக்கு முன்னால் நாலு மணிக்கு நிற்கட்டோ?

உங்கள்,
நீக்கிலாஸ்

*

பியர்ஃபித்
8 ஜூன் 1985

அன்புள்ள நீக்கிலாஸ்,

நில்லுங்கள். நீல நிறக் கோட்டு போட்டு வருவேன்.

அப்பாவிடம் மறைத்துப் பழக்கமில்லை. சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன். மன்னார் என்றேன், நம்ம மாதா கோவில்தான் என்றேன், ருவாசியில் வேலை என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கேட்டார்:

"இந்த யாழ்ப்பாணம், மன்னார்ப் பசங்க எல்லாம் எப்படிம்மா? நல்லவங்களா?"

"ஒருத்தரை வெச்சு எல்லாரையும் பத்திச் சொல்ல முடியாதுப்பா."

"சரி, அந்த ஒருத்தர்?"

"அவரு நல்லவரு."

அப்பா மீன் குழம்பை என் பக்கம் நகர்த்திவிட்டு, "கோட்டைத் துவைச்சுப் போட்டுக்கிட்டுப் போ" என்றார்.

துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன்.

பிலோமினா